டிசெபிலிட்டி பென்ஷன்: பீஸ் ஸ்டேஷனில் வந்த பிரஷருக்குக் கிடைக்கவே கிடைக்காதா?

ஓமலூர் மகன் | 11 ஆகஸ்ட் 2025

அப்பா ராணுவத்தில் ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை), ஹவில்தார். 24 வருஷ சர்வீஸ் முடித்து 2014 ஜூனில் வந்தார். 2009-இலிருந்து பிரஷருக்காக லோ மெடிக்கல் கேட்டகிரி (உடல்தகுதி குறைந்தவர் பட்டியல்). வெளியே வரும்போது ராணுவ மருத்துவ போர்டில் குறைபாடு 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று போட்டுவிட்டு, பணியோடு தொடர்பில்லை என்று எழுதிவிட்டார்கள். பென்ஷன் இல்லை என்று ரெக்கார்ட்ஸிலிருந்து (படையின் ஆவண அலுவலகம்) வந்த ஒரு பக்கக் கடிதம் மட்டும் வீட்டில் இருக்கிறது. அப்பீல் எதுவும் போடவில்லை. “பீஸ் ஸ்டேஷனில் (அமைதிப் பகுதியில்) வந்த வியாதிக்குக் கிடையாது, பத்து வருஷமும் தாண்டியாச்சு, விட்டுருங்க” என்கிறார் இங்கே ஒரு சங்கத்துக்காரர். விட்டுவிட வேண்டியதுதானா?

சேர்வராயன் | 11 ஆகஸ்ட் 2025

விடாதீர்கள் தம்பி. அவர் சொன்ன இரண்டும் சரியில்லை.

முதலில் காலக்கெடு. பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம். வராத ஒவ்வொரு மாதமும் தவறு தொடர்கிறது என்றுதான் கணக்கு. உச்ச நீதிமன்றம் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாமதத்தால் உரிமை போகாது. நிலுவைதான் குறையும்: மனு தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று வருஷம் வரைதான் கிடைக்கும். 2025 டிசம்பரில் தாக்கல் செய்தால் 2022 டிசம்பரிலிருந்து. ஒரு வருஷம் யோசித்துவிட்டுப் போனால் 2023 டிசம்பரிலிருந்து. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதப் பணம் போகிறது, அவ்வளவுதான். கதவு மூடவில்லை.

அடுத்தது பீஸ் ஸ்டேஷன். அதற்குப் பதில் சொல்ல அந்த ஒரு பக்கக் கடிதம் போதாது. அதில் “நானா” என்று மட்டும்தான் இருக்கும். பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்ற முடிவு அது. ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்பது ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நடவடிக்கைத் தாளில், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தில் இருக்கிறது. உங்கள் வழக்கு முழுக்க அந்தப் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எழுதுகிற எந்த மனுவும் வீண்.

சேர்வராயன் | 12 ஆகஸ்ட் 2025

தாள் வாங்கும் வழி. அப்பா ஆர்ட்டிலரி என்பதால் நாசிக் ரோடு கேம்ப்பிலுள்ள ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸ். (மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு வெலிங்டன், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.-க்கு செகந்திராபாத்.) ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண் எல்லாம் போட்டு அப்பாவே கையெழுத்திட்டு எழுத வேண்டும். மகன் பெயரில் தகவல் உரிமை மனு போட்டால், மூன்றாம் நபரின் சொந்தத் தகவல் என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கேயே ஒரு மாதம் போய்விடும்.

கேட்க வேண்டியவை:

ரிலீஸ் மெடிக்கல் போர்டின் எல்லாப் பக்கங்களும். “எல்லாப் பக்கங்களும்” என்ற சொல்லை விடாதீர்கள். இல்லாவிட்டால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் வரும், காரணம் எழுதிய நடுப்பக்கம் வராது.

கேட்டகிரி போட்ட ஒவ்வொரு போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15. இதில் 2009-இல் நடந்த முதல் போர்டுதான் மிக முக்கியம். வியாதி எப்போது, எந்த யூனிட்டில், எந்த இடத்தில் தொடங்கியது என்று அதில் பதிந்திருக்கும்.

ஆள் சேர்ப்பின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை.

போஸ்டிங் விவரம், தேதியோடு. எந்த யூனிட், ஃபீல்டா பீஸா, எங்கிருந்து எப்போது வரை.

நிராகரிப்புக் கடிதத்தின் சான்றிட்ட நகல்.

தகவல் உரிமைக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தபாலில் போட்டால் சேலம் தலைமைத் தபால் நிலையத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்கி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீது பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் தேவைப்படும்.

ஆத்தூர் சிக்னல்ஸ் | 12 ஆகஸ்ட் 2025

தரம்வீர் சிங் தீர்ப்பு, 2013. இதை ஒன்றை இணைத்தாலே போதுமே? சேரும்போது உடம்பு நன்றாக இருந்தது, ஃபைலில் எந்தக் குறிப்பும் இல்லை, அப்படியானால் வியாதி பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

சேர்வராயன் | 13 ஆகஸ்ட் 2025

இணைக்கத்தான் வேண்டும், அண்ணே. ஆனால் அதோடு நிறுத்தினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நிமிடத்திலேயே மடக்குவார். தரம்வீர் சிங் 1982-ஆம் வருஷ உரிமை விதிகளை (எந்த வியாதி பணியோடு தொடர்புள்ளது என்று முடிவு செய்யும் விதிகள்) வைத்துச் சொன்ன தீர்ப்பு. இந்தத் தம்பியின் அப்பா வெளியே வந்தது 2014-இல். 1.1.2008 முதல் வெளியே வந்தவர்களுக்கு 2008 விதிகள். பழைய விதியில் இருந்த “பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும்” என்ற உறுதியான வாசகம் புதியதில் இல்லை. பணிக்காலத்தில் தோன்றிய ஒரே காரணத்தால் பணியோடு தொடர்பு வந்துவிடாது என்று எழுதிவிட்டார்கள்.

அதே 2008 விதிகளில் நமக்கு உதவுகிற இடம் ஒன்று உண்டு: 7-ஆம் விதி. சாதாரணமாக, நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் மேல் இல்லை. வெளியே வந்து 15 வருஷம் கழித்து, ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கேட்டால்தான் பொறுப்பு அவர் தலையில் விழும். 2014 ஜூனோடு 15-ஐக் கூட்டினால் 2029 ஜூன். அப்பா இன்னும் அந்தக் கெடுவுக்குள்தான் இருக்கிறார். சங்கத்துக்காரர் சொன்ன பத்து வருஷம் எங்கிருந்து வந்தது என்றால், வெளியே வந்த பிறகு புதிதாகத் தலைகாட்டும் வியாதிக்குப் பத்து வருஷ வரம்பு ஒன்று உண்டு. அது வேறு பாதை. போர்டிலேயே பதிவான வியாதிக்கு அது பொருந்தாது.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு இன்னொரு புது விதித்தொகுப்பு இருக்கிறது. யாருக்கு எழுதினாலும் டிஸ்சார்ஜ் தேதியை முதலில் பார்த்து, எந்த விதி என்று முடிவு செய்த பிறகே தீர்ப்புகளைத் தேடுங்கள்.

ஓமலூர் மகன் | 29 செப்டம்பர் 2025

தாள்கள் வந்துவிட்டன. போர்டு எழுதிய காரணம் இதுதான், தமிழில் தருகிறேன்: “பீஸ் பகுதியில் தொடக்கம். ஃபீல்டு, ஹை ஆல்டிட்யூட், எதிர்க்கிளர்ச்சிப் பணியோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை. 2008 மருத்துவ அதிகாரிகள் கையேடு, 43-ஆம் பத்தியின்படி நானா.” ஒரே வரி. போஸ்டிங் தாளில் 2006 முதல் 2008 நவம்பர் வரை ஜம்மு காஷ்மீர், எதிர்க்கிளர்ச்சிப் பணி. பிறகு பீஸ். முதல் போர்டில் வியாதி தொடங்கிய தேதி 2009 மார்ச்.

சேர்வராயன் | 29 செப்டம்பர் 2025

இந்த ஒரு வரியைத்தான் உடைக்க வேண்டும். உடைகிற வரிதான் இது.

43-ஆம் பத்தி பிரஷருக்கானது. 26 சர்க்கரைக்கு, 47 இதய நோய்க்கு, 54 மனநோய்க்கு. எந்தப் பத்தியை எழுதினாலும் போர்டு அந்த எண்ணோடு நிறுத்திவிடும். அப்பா காஷ்மீரிலிருந்து இறங்கியது 2008 நவம்பர். வியாதி பதிவானது 2009 மார்ச். நடுவே நாலு மாதம். “நெருங்கிய காலத் தொடர்பு இல்லை” என்று எழுதிய போர்டு இந்த நாலு மாதத்தைப் பார்த்ததாகவே தாளில் இல்லை. பிரஷர் ஒரு நாளில் வந்து நிற்கிற வியாதி இல்லை. பதிவான தேதி என்பது கண்டுபிடித்த தேதி மட்டுமே. இந்த இரண்டு தேதிகளையும் அப்பீலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், வேறு அலங்காரம் வேண்டாம்.

பீஸ் ஸ்டேஷன் என்ற ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கவாஸ் அனில் மட்சோ வழக்கில் சொல்லியிருக்கிறது. அது 2008 விதிகளின் கீழ் வந்தது என்பதால் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பணியோடு தொடர்பில்லை என்று சொல்லும் போர்டு, வேறு எதனால் வந்தது என்பதற்குக் காரணம் தர வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடை உண்டு. காரணம் எழுதாத மருத்துவக் கருத்து நிற்காது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மேயில் ராஜுமோன் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2015 ராஜ்பீர் சிங் தீர்ப்பையும் சேருங்கள். அதற்கு மேல் தீர்ப்புகளைக் குவிக்க வேண்டாம். இருபது தீர்ப்பு இணைத்த மனுவில் நாலு மாதம் என்ற உண்மை யார் கண்ணிலும் படாது.

போர்டுத் தாளில் எடை, உயரம், புகைப்பழக்கம் பற்றிய கட்டங்களையும் பாருங்கள். அதிக எடை என்று குறிப்பு இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிறதா?

ஓமலூர் மகன் | 30 செப்டம்பர் 2025

எடை சரியாகவே இருந்திருக்கிறது. புகை இல்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது கெடுதலா? காதும் சரியாகக் கேட்காது. போர்டில் இரண்டாவதாக “செவித்திறன் குறைவு, 20 சதவீதம், பணியால் வந்தது” என்று இருக்கிறது. மொத்தம் என்ற கட்டத்தில் 40 போட்டிருக்கிறார்கள். கடிதத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சேர்வராயன் | 30 செப்டம்பர் 2025

தம்பி, நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. பீரங்கிப் படைக்காரருக்குக் காது போவது பணியால் என்பதைப் போர்டே ஒப்புக்கொண்டிருக்கிறது. 20 சதவீதம், பணியால் வந்தது என்றால் பிரஷர் விஷயம் என்ன ஆனாலும் டிசெபிலிட்டி எலிமெண்ட் (பென்ஷனில் குறைபாட்டுக்கான தொகை) உடனே கிடைத்திருக்க வேண்டும். பிரஷரைத் தள்ளிய கடிதம் இதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. அப்பீலின் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும். பிரஷர் இரண்டாவது.

கையெழுத்து ஒன்றும் கெடுக்காது. போர்டு முடிவைத் தெரிந்துகொண்டதற்கான கையெழுத்து அது, உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

மேட்டூர் ஈ.எம்.ஈ. | 1 அக்டோபர் 2025

இரண்டு வியாதி இருந்தால் எப்போதும் குறைத்துத்தான் போடுவார்கள். 30-ம் 20-ம் சேர்ந்தால் 40, அதுதான் வழக்கம்.

சேர்வராயன் | 1 அக்டோபர் 2025

வழக்கம் அப்படி, ஆனால் கையேடு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு குறைபாடும் உடம்பின் முற்றிலும் வேறு வேறு வேலைகளைப் பாதித்தால் அப்படியே கூட்ட வேண்டும். ஒன்றின் பாதிப்பு மற்றொன்றின் மேல் படிந்தால்தான், அந்த அளவுக்குக் குறைக்கலாம். பிரஷரும் இதய நோயும் ஒன்றின்மேல் ஒன்று படியும். பிரஷரும் காதும் எங்கே படியும்? 30-ம் 20-ம் 50.

இந்தப் பத்து சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், 31.1.2001 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தின் முழுமையாக்கல் (சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்துவது) படிகள் இப்படி: 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகும். 50 முதல் 75 வரை என்றால் 75. 76 முதல் 100 வரை என்றால் 100. ஆக 40 என்றால் 50-இல் நிற்கும். 50 என்றால் 75-க்குப் போகும்.

பணமாகப் பார்ப்போம். 100 சதவீதத்துக்கு டிசெபிலிட்டி எலிமெண்ட் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் என்றால் அடிப்படை ஊதியம், கிரேடு பே, எம்.எஸ்.பி. (ராணுவப் பணி ஊதியம்) சேர்த்து. எளிதாகக் கணக்கிட 20,000 என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு 6,000. காது மட்டும் ஏற்கப்பட்டால் 20 சதவீதத்துக்கு 1,200, முழுமையாக்கினால் 50 சதவீதத்துக்கு 3,000. இரண்டும் ஏற்கப்பட்டு 75 ஆனால் 4,500. 2016 ஊதியத் திருத்தத்தின்படி இதை 2.57-ஆல் பெருக்கியாக வேண்டும்: 3,000 என்பது 7,710, 4,500 என்பது 11,565. அகவிலைப்படி இதற்கு மேல் தனி. மாதாமாதம், ஆயுள் முழுக்க.

சேர்வராயன் | 2 அக்டோபர் 2025

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். முழுமையாக்கல் தானாக வராது. 2001 கடிதம் அதை உடல்நலக் குறைவால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்குத்தான் தந்தது. முழுப் பணியும் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ஆனது 10.12.2014 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான். அதனால் மனுவின் கோரிக்கைப் பத்தியில் “முழுமையாக்கலோடு” என்று தனியாக எழுதிக் கேளுங்கள். எழுதாமல் விட்டு 20-க்கோ 30-க்கோ மட்டும் உத்தரவு வாங்கி, முழுமையாக்கலுக்காக இரண்டாம் முறை வழக்குப் போட்டவர்கள் உண்டு.

இன்னொன்று: முழுமையாக்கல் 20-ஐத் தொட்ட பிறகுதான். முழுப் பணி முடித்தவருக்கு 11 அல்லது 15 சதவீதம் என்று போர்டு போட்டிருந்தால் அது 50 ஆகாது. ரத்தோர் வழக்கில் 2019-இல் இது முடிவாகிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் முதலில் சதவீதத்தையே எதிர்த்து, மறு போர்டு கேட்க வேண்டும். பணிக்காலம் முடியும் முன்பே உடல்நிலைக்காக வெளியேற்றப்பட்டவர் கதை வேறு. வெளியேற்றும் அளவுக்கு இருந்தாலே 20-க்கு மேல்தான் என்று 2014-இன் சுக்விந்தர் சிங் தீர்ப்பு சொல்கிறது.

வாழப்பாடி வாசகி | 6 அக்டோபர் 2025

சேலம் அரசு மருத்துவமனையில் என் கணவருக்குக் கால் குறைபாடு 60 சதவீதம் என்று மாற்றுத்திறனாளி அட்டை கொடுத்திருக்கிறார்கள். ராணுவ போர்டில் 20. அட்டையை வைத்துப் பென்ஷனை உயர்த்த முடியுமா?

சேர்வராயன் | 6 அக்டோபர் 2025

முடியாதும்மா. அந்த அட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வருவது. பஸ் சலுகை, அரசு உதவி, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு அது தனியாக உதவும், வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷனுக்கு ராணுவ மருத்துவ போர்டு போட்ட சதவீதம்தான் கணக்கு. ஏற்கப்பட்ட குறைபாடு அதன்பின் மோசமாகியிருந்தால் அவரே எழுதிக் கேட்டு மறு மதிப்பீட்டு போர்டுக்குப் போகலாம். கேட்காமல் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த போர்டுக்குப் போகும்போது அரசு மருத்துவமனை எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டுகள் எல்லாம் துணை ஆதாரமாக உதவும்.

ஓமலூர் மகன் | 8 அக்டோபர் 2025

கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாமா, அல்லது ஸ்பர்ஷில் (ராணுவ பென்ஷன் இணையதளம்) குறை பதிவு செய்யலாமா? எது வேகம்?

சேர்வராயன் | 8 அக்டோபர் 2025

இரண்டுமே இதற்கான இடம் இல்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனுவை ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பி வைக்கும். அடையாள அட்டை, குழந்தைகளின் கல்வி உதவி, சான்றொப்பம் ஆகியவற்றுக்கு அங்கே போக வேண்டும். நானா என்ற முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஸ்பர்ஷில் பெயர், வங்கிக் கணக்கு, பிறந்த தேதி, வாழ்வுச் சான்று போன்றவற்றைச் சரிசெய்யலாம். நிராகரிப்பைத் திருத்த அதனால் முடியாது. “குறை தீர்க்கப்பட்டது” என்று ஒரு குறுஞ்செய்தி வரும், அதை நம்பி ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

சரியான படி: முதல் அப்பீல், ரெக்கார்ட்ஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. நிராகரிப்பிலிருந்து ஆறு மாதம் என்பது கெடு, அது உங்களுக்கு எப்போதோ தாண்டிவிட்டது. இருந்தாலும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஒரு பத்தி சேர்த்துப் போடுங்கள். ஏற்றால் நல்லது. காலம் கடந்தது என்று திருப்பி அனுப்பினால் அந்தக் கடிதமே தீர்ப்பாயத்துக்குப் போகும் சீட்டு. பதிலே வராவிட்டால் ஆறு மாதம் கழிந்ததும் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி நேரே போகலாம். இரண்டாம் அப்பீல் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் நிலையில் நிலுவை மாதாமாதம் கரைவதால், முதல் அப்பீலுக்குப் பதில் வந்ததும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியுமா என்று வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தர்சேம் சிங்கின் மூன்று வருஷத்தைத் தீர்ப்பாயம் பொதுவாகத் தன்னிடம் மனு வந்த நாளிலிருந்துதான் பின்னோக்கி எண்ணும். அப்பீல் போட்ட நாளை வைத்து எண்ணும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

சேர்வராயன் | 9 அக்டோபர் 2025

அப்பீல் எழுதும் விதம். ஆங்கிலத்தில், எண்ணிட்ட சிறு பத்திகளாக, இரண்டு பக்கத்துக்குள்.

சேர்ந்த தேதி, அப்போது முழுத் தகுதி, மருத்துவ அறிக்கையில் எந்தக் குறிப்பும் இல்லை. போஸ்டிங் பட்டியல், தேதியோடு. வியாதி பதிவான தேதி. போர்டு காரணத்தை ஒரு எழுத்து மாறாமல் மேற்கோளாகப் போடுங்கள். அதன் கீழே அந்தக் காரணம் ஏன் தாளோடு பொருந்தவில்லை என்று எழுதுங்கள். பிறகு கூட்டுச் சதவீதம் 40 எப்படி வந்தது என்று போர்டு சொல்லவில்லை என்பது. கடைசியில் கோரிக்கை: காது ஏற்கப்பட வேண்டும், பிரஷர் பணியால் வந்ததாகவோ மோசமானதாகவோ ஏற்கப்பட வேண்டும், கூட்டு 50, முழுமையாக்கி 75, வெளியே வந்த மறுநாளிலிருந்து.

பிரஷரைப் பணியால் “வந்தது” என்று மட்டும் கேட்காதீர்கள். “வந்தது அல்லது மோசமானது” என்று இரண்டையும் கேளுங்கள். பணத்தில் இரண்டும் ஒன்றே. பிரஷர், சர்க்கரை போன்றவற்றில் மோசமானது என்று நிறுவுவது எளிது.

வீட்டுக் கஷ்டம், மகள் திருமணம், இப்போது வந்திருக்கும் வேறு வியாதி, எதுவும் வேண்டாம். அவை உண்மைதான், மனதைத் தொடும்தான். ஆனால் குழு முடிவு செய்யும் கேள்வி 2014-இல் போர்டு எழுதியது சரியா என்பது மட்டுமே.

ஆத்தூர் சிக்னல்ஸ் | 21 அக்டோபர் 2025

இதே இழையில் கேட்கிறேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், லீவில் வந்தபோது தொப்பூர் கணவாயில் பைக் விழுந்து கால் போனது. லீவும் பணிதான், தரம்வீர் சிங் தீர்ப்பு இருக்கிறது என்கிறார்கள்.

சேர்வராயன் | 21 அக்டோபர் 2025

பெயர்க் குழப்பம். 2013-இல் வந்தது தரம்வீர் சிங், வியாதி பற்றியது. லீவு விபத்தில் 2019-இல் வந்தது தரம்பீர் சிங், நமக்கு எதிரானது. லீவில் இருந்தால் பணியில் இருந்ததாகவே கணக்கு என்பது போதாது, காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் காரணத் தொடர்பு வேண்டும் என்று அதில் சொல்லிவிட்டார்கள். தவறிப்போய் இந்தத் தீர்ப்பை நாமே இணைத்தால் கேஸ் அங்கேயே முடிந்தது.

ஒரு கேள்விதான் முக்கியம்: அவன் எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தான்? யூனிட்டிலிருந்து வீட்டுக்கோ, வீட்டிலிருந்து யூனிட்டுக்கோ அரசுச் செலவில் பயணிக்கும் உரிமையோடு போகும் வழியில் என்றால் அது பணியாகக் கொள்ளப்படும். லீவுச் சான்று, ரயில்வே வாரண்ட், எஃப்.ஐ.ஆரில் உள்ள நேரமும் இடமும், காய அறிக்கை, கோர்ட் ஆஃப் இன்கொயரி (ராணுவத்தின் உள் விசாரணை) முடிவு, இவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். லீவு நடுவில் தர்மபுரிக்குக் கல்யாணத்துக்குப் போனான் என்றால் மிகக் கடினம். பொய்யாகப் பயணம் என்று எழுத வேண்டாம், எஃப்.ஐ.ஆர். காட்டிக் கொடுத்துவிடும்.

ஏற்காடு எஸ்டேட் | 2 நவம்பர் 2025

அண்ணனை 1999-இல் ஆறு வருஷ சர்வீஸில் மனநோய் என்று அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் ஏதும் இல்லை. இப்போது கேட்கலாமா?

சேர்வராயன் | 2 நவம்பர் 2025

அவசரம். இன்றே எழுதுங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழிப்பார்கள். உங்கள் அண்ணனுக்கு அந்தக் கெடு தாண்டியிருக்கிறது. ஆனாலும் அழிப்பது வரிசையாக நடக்கிற வேலை, இன்னும் இருக்கலாம். வீட்டில் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, யூனிட்டிலிருந்து வந்த கடிதம், தந்தி எதையும் வெளியே எறியாதீர்கள்.

சட்டத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவருக்கு 1982 விதிகள், அதாவது தரம்வீர் சிங் முழுமையாகப் பொருந்தும். ஆனால் மனநோயை ஆள் சேர்க்கும்போது கண்டுபிடிக்க முடியாது, அதனால் அந்த அனுமானம் தானாக வராது என்று 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மேயின் ராஜுமோன் வழக்கும் மனச்சிதைவு பற்றியதுதான். அங்கே போர்டு காரணம் எழுதாததால் வீரர் வென்றார். அதனால் உங்கள் அண்ணன் கேஸ் போர்டுத் தாளில் காரணம் இருக்கிறதா என்பதில் நிற்கிறது. கமாண்டிங் ஆபீசர் எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 அறிக்கையையும் கேளுங்கள். வேலைச் சுமை, தனிமை, சக வீரர் மரணம் போன்ற எந்தச் சூழ்நிலையையாவது ஆபீசர் அதில் எழுதியிருந்தால் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

அவர் கையெழுத்திடும் நிலையில் இல்லை என்றால் அதற்கான மருத்துவச் சான்றோடு, நெருங்கிய உறவினர் என்ற முறையில் நீங்கள் எழுதுங்கள்.

ஓமலூர் மகன் | 19 நவம்பர் 2025

அப்பீல் ஒரு பக்கக் கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டது, காலம் கடந்தது என்று. ஒருவர் சென்னையில் கேஸ் போட்டு முடித்துத் தருகிறேன், முன்பணம் வேண்டாம், அரியரில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்கிறார்.

சேர்வராயன் | 19 நவம்பர் 2025

வேண்டாம். வழக்கின் பலனில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதியிலேயே தடை. அப்படிக் கேட்பவர் வக்கீலாக இருந்தால் விதியை மீறுகிறார், வக்கீல் இல்லையென்றால் தீர்ப்பாயத்தில் நிற்கவே முடியாது. முடிவான ஒரு தொகை பேசுங்கள், ரசீது வாங்குங்கள். எந்தக் காரணத்துக்கும் அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் கொடுக்காதீர்கள், ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கட்டணம் இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

ஓய்வு பெற்றவர் தான் வசிக்கும் இடத்துக்குரிய அமர்வில் போடலாம், ஆக உங்களுக்குச் சென்னை. மூல மனுவோடு தாமத மன்னிப்பு மனு தனியாக வேண்டும், பிரமாணப் பத்திரத்தோடு. எத்தனை நாள் தாமதம் என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை தவறினால் பதிவகம் குறை போட்டுத் திருப்பும், ஒரு மாதம் போகும். திரும்பி வந்த அந்தக் கடிதம், போர்டுத் தாள், 2009 போர்டு, போஸ்டிங் தாள், ஸ்பீடு போஸ்ட் ரசீது எல்லாம் இணைப்பு. கையெழுத்துத் தெளிவில்லாத பக்கங்களைத் தட்டச்சு செய்து உண்மை நகல் என்று சேர்க்க வேண்டும். போர்டுத் தாளில் டாக்டர் கையெழுத்துப் பகுதி எப்போதும் இந்தக் குறையில்தான் மாட்டும்.

வென்றாலும் அரசு உயர் நீதிமன்றம் போகலாம். 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி திறந்திருக்கிறது. தடை உத்தரவு வாங்காதவரை தீர்ப்பாய உத்தரவை அவர்கள் நிறைவேற்றித்தான் ஆக வேண்டும். குறிப்பிட்ட மாதத்துக்குள் செய்யாவிட்டால் 29-ஆம் பிரிவின்படி நிறைவேற்ற மனு போடுங்கள்.

சேர்வராயன் | 20 நவம்பர் 2025

ஒன்று சேர்க்க மறந்துவிடக் கூடாது. உத்தரவு நிறைவேறி ஸ்பர்ஷில் திருத்திய பி.பி.ஓ. வந்ததும் நாலு இடத்தைப் பாருங்கள்: சதவீதம் 75 என்று இருக்கிறதா, தொடங்கும் தேதி உத்தரவில் உள்ளதுதானா, கால வரம்பு “ஆயுள் முழுக்க” என்று இருக்கிறதா, 2016-க்குப் பிந்தைய தொகை 2.57 பெருக்கிய தொகையா. தொடக்க உத்தரவில் 20 சதவீதம் என்று தப்பாக ஏறி, அரியரும் அதன்படியே வந்துவிடுவது நடக்கிறது. பணம் வந்த சந்தோஷத்தில் யாரும் பார்ப்பதில்லை. தவறு இருந்தால் உத்தரவு நகலோடு ரெக்கார்ட்ஸுக்கே எழுதுங்கள், திருத்தம் அங்கிருந்து பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் ஸ்பர்ஷில் பதிந்த மொபைல் எண் இப்போதும் கையில் இருக்கிறதா என்று முன்பே சரிபாருங்கள். எண் மாறியிருந்தால் பொதுச் சேவை மையத்துக்கு ஆதாரோடு போக வேண்டும். அப்பா நேரில் போக வேண்டும், மகன் போனால் ஆகாது.